வாத்து இறங்கும் வயல்

ஏப்ரல் வந்தால் எங்கள் ஸ்லாவ்னாவில் வேறெது இல்லாவிட்டாலும் சேறு உண்டு. பனி உருகி, ரோட்டுக்கும் வயலுக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விடும். முழங்கால் பூட்ஸ் போடாதவன் வீட்டை விட்டு இறங்க முடியாது. இந்தச் சேற்றைப் பார்த்துத்தான் எங்கள் பக்கம் ஏலத்துக்கு நாள் குறிப்பார்கள். விதைப்பு தொடங்குவதற்குள் விற்கிறவன் விற்றுவிட வேண்டும், வாங்குகிறவன் வாங்கிவிட வேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

ஏலம் எங்கே நடந்தாலும் சாப்பாட்டுக் கடை எங்களுடையது. ஊர் ஹால் பெண்கள் நாங்கள் ஆறேழு பேர். உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்த பெரோகி, பூண்டு சாசேஜ், பெர்ரிப் பழம் வைத்துச் சுட்ட பை, அண்டா நிறையக் காப்பி. என் பெயர் பாலின். கல்லாவும் கரண்டியும் என் கையில்தான் இருக்கும். மற்றவர்களிடம் கொடுத்தால் கடன் சொல்கிறவனுக்கெல்லாம் அள்ளி வைத்துவிடுவார்கள்.

ஸ்டெல்லா வீட்டு ஏலத்துக்கு முதல்நாள் ஹாலில் உட்கார்ந்து பெரோகி பிடித்துக்கொண்டிருந்தோம். மாவை வட்டமாக வெட்டி, நடுவில் கிழங்கை வைத்து, மடித்து, ஓரத்தை விரலால் கிள்ளிக்கொண்டே போக வேண்டும். கிள்ளல் சரியில்லாவிட்டால் கொதிக்கிற தண்ணீரில் வாயைப் பிளந்துவிடும். எங்கள் ஊர்ப் பெண்களின் வாயும் அப்படித்தான், சூடு பட்டால் போதும். ஆனால் அன்றைக்கு எல்லாரும் வாயை மூடிக்கொள்வது என்று முடிவெடுத்தோம். வேராதான் ஆரம்பித்தாள். கையிலிருந்த மாவை விட்டுத் தலையை நிமிர்த்தாமல், நாளைக்கு அந்த வேன் ஏலத்துக்கு வரும்போது நம் வீட்டு ஆம்பளைகள் யாரும் நம்பர் அட்டையைத் தூக்கக் கூடாது என்றாள். யாருக்காக என்று அவளும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இது எங்கள் ஊரில் பழைய வழக்கம். ஒரு குடும்பம் தவிக்கும்போது, அந்தக் குடும்பத்துக்கு வேண்டிய பொருள் ஏலத்துக்கு வந்தால் அக்கம்பக்கத்தார் கை கட்டி நிற்பார்கள். அவர்கள் மட்டும் கேட்பார்கள், வந்த விலைக்கு எடுத்துப் போவார்கள். எங்கள் அப்பா காலத்தில் ஒரு மாட்டையே ஒரு டாலருக்கு எடுத்த ஆள் உண்டு. உதவி செய்தேன் என்று யாரும் சொல்லிக்கொள்ள வேண்டாம், வாங்கிக்கொண்டேன் என்று யாரும் கூச வேண்டாம். அதனால் அந்த வழக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

தவித்த குடும்பம் டானாவும் வெய்னும். அவர்களுக்கு ஒரே பெண், லெசியா, பதினொரு வயது. பிறக்கும்போதே மூச்சுத் திணறிப் பிறந்தவள். நடக்க மாட்டாள், பேச மாட்டாள், வாயால் விழுங்க முடியாது. வயிற்றில் போட்ட குழாய் வழியாகத்தான் சாப்பாடு. தொண்டையில் சளி கட்டினால் மெஷின் வைத்து உறிஞ்ச வேண்டும். ஆனால் நாம் பேசுவது எல்லாம் அவளுக்குப் புரியும். ஆமாம் என்றால் நாக்கைச் சொடுக்குவாள். வேண்டாம் என்றால் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். வேராவின் பாட்டைக் கேட்டுக் கண்ணை மூடிக்கொண்டதிலிருந்து அவளை எனக்கு ரொம்பவே பிடிக்கும்.

குழந்தையாக இருந்தவரை தூக்கிக்கொண்டு போனார்கள். இப்போது தூக்கினால் அவள் கால் டானாவின் முழங்காலில் இடிக்கிறது. பிக்கப் வண்டியின் பின்சீட்டில் தலையணை அடுக்கி, படுத்த மாதிரி கிடத்தி, மூன்று மணி நேரம் ஓட்டி நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள். போன டிசம்பரில் வாசல் பனியில் வழுக்கி, பிள்ளையோடு சேர்ந்து விழுந்தாள் டானா. பிள்ளை மேலே, தாய் கீழே, அதனால் பிழைத்தது. அன்றையிலிருந்து வெய்ன் இல்லாமல் அவள் லெசியாவைத் தூக்குவதில்லை. வெய்ன் வயலில் இருந்தால் இருவரும் வீட்டுக்குள்ளேயே கிடப்பார்கள்.

இதற்கு மேல் ஜூனில் ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார்கள். வளைந்துகொண்டே போகிற முதுகெலும்பை நிமிர்த்திக் கம்பி வைப்பார்களாம். வைத்த பிறகு அவளை மடக்கக் கூடாது, கிடத்தி ஏற்றக் கூடாது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே வண்டியில் ஏற வேண்டும், இறங்க வேண்டும். அப்படியொரு வண்டி இல்லையென்றால் பிள்ளையை ஊருக்கு அனுப்ப முடியாது, நகரத்திலேயே ஒரு இல்லத்தில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்று டாக்டர் பக்குவமாகத்தான் சொன்னார். டானா அதை என்னிடம் சொன்னபோது கையில் இருந்த பாத்திரத்தைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். நாற்காலிக்கு எப்படியோ வழி பிறந்தது, அது ஏறுகிற வண்டிக்குத்தான் பிறக்கவில்லை. புது வண்டி ஒரு நல்ல டிராக்டர் விலை. வெய்ன் பனிவண்டியை விற்றான், கன்றுகளை விற்றான், ஹாலில் நாங்கள் ஒரு கோழி விருந்து வைத்துக் கொடுத்தோம். எல்லாம் சேர்ந்து பதினாறாயிரம் தேறியது.

வண்டி ஸ்டெல்லாவிடம் இருந்தது. அவள் புருஷன் நெஸ்டருக்குத் தசை ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகிற வியாதி. மூன்று வருஷம் இழுத்து, ஜனவரியில் போய்ச் சேர்ந்தார். அவருக்காக ஒரு வயலை விற்று வாங்கிய வேன் அது. பக்கவாட்டில் கதவு திறந்தால் சரிவுப் பலகை இறங்கும். பின்னால் சாமான் மாதிரி உட்கார்ந்து வர மாட்டேன் என்று நெஸ்டர் அடம்பிடித்ததால், முன்பக்கம் ஓட்டுகிறவருக்குப் பக்கத்துச் சீட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் நாற்காலியைப் பூட்ட ஏற்பாடு செய்திருந்தார்கள். இப்போது ஸ்டெல்லா பண்ணையை விட்டு டவுனில் ஒரு சின்ன வீட்டுக்குப் போகிறாள். எல்லாம் ஏலம்.

அன்று ஹால் மேஜையில் நூற்றுக்கணக்கில் பெரோகி பிடித்தோம். லெசியா பெயர் வந்தது, டானா பெயர் வந்தது, டாக்டரைத் திட்டினோம். ஸ்டெல்லா பெயர் வரவே இல்லை. அவள் யாரிடமும் குறை சொல்லாதவள். குறை சொல்லாதவர்களுக்குக் குறையே இல்லை என்று நினைத்துக்கொள்வது எங்கள் ஊர்ப் புத்தி.

மறுநாள் விடிந்தபோது பனிமூட்டம். ஸ்டெல்லா வீட்டுக் களம் பாதிதான் தெரிந்தது. வரிசையாக நிறுத்திய டிராக்டர்கள், அப்புறம் வெள்ளை. அந்த வெள்ளைக்குள் எங்கேயோ பனிவாத்துகள் கத்திக்கொண்டிருந்தன. தெற்கிலிருந்து வடக்கே போகிற வழியில் எங்கள் வயல்களில் இறங்கி, போன வருஷத்துச் சிதறின கோதுமையைப் பொறுக்கித் தின்னும். ஆயிரக்கணக்கில் வரும். கண்ணுக்குத் தெரியாமல் சத்தம் மட்டும் கேட்கும்போது, வானத்திலேயே ஒரு சந்தை கூடியிருப்பது போல இருக்கும். மனிதர்கள் பேச்சைக் குறைத்து, காப்பிக் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு, தூக்கத்தில் நடக்கிறவர்களாக அங்குமிங்கும் நடந்தார்கள்.

வெய்ன் பிக்கப்பைக் கடைக்குப் பக்கத்திலேயே நிறுத்தினான். பின்சீட்டில் லெசியா போர்வைக்குள் படுத்திருந்தாள். கண்ணாடியை இறக்கிவிட்டிருந்தார்கள், வாத்துச் சத்தம் கேட்க. வசந்தத்தில் அவளை முற்றத்தில் கிடத்துவார்கள், தலைக்கு மேலே போகிற வாத்தின் வயிற்றைப் பார்த்து நாக்கைச் சொடுக்கிக்கொண்டே இருப்பாள். ஆஸ்பத்திரிப் பாதைகூட அவளுக்கு அண்ணாந்த பாதைதான் என்று டானா ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.

"கம்பத்தோட தலையும் தானியக் கோபுரத்தோட தலையுமா பாத்துக்கிட்டே வருவா பாலின். சிவப்புக் கோபுரத்து முனை வந்தா நாக்கச் சொடுக்குவா. வீடு வந்தாச்சுன்னு அர்த்தம். அடி எப்படி இருக்கும்னு அவளுக்குத் தெரியாது."

ஏலக்காரன் ஆர்வில் வைக்கோல் வண்டிமேல் ஏறினான். சமையல் சாமான் போனது, தச்சுச் சாமான் போனது. நான் ஒரு பெரிய வறுவல் தட்டுக்கு ஆசைப்பட்டு நம்பர் அட்டை வாங்கி ஏப்ரன் பையில் செருகியிருந்தேன். தட்டை வேரா கேட்டு எடுத்துக்கொண்டு போனாள், அட்டை மட்டும் பையிலேயே கிடந்தது. ஸ்டெல்லா தன் சமையலறை நாற்காலியிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நாற்காலியும் விற்றாகிவிட்டது. வாங்கினவர் எழுப்ப மனமில்லாமல் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

வேனின் முறை வந்தது. ஆர்வில் முப்பதாயிரத்தில் ஆரம்பித்தான். சத்தமில்லை. இருபது என்றான், பத்து என்றான். ஆண்கள் எல்லாரும் அவரவர் பூட்ஸில் ஒட்டிய சேற்றை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். சாம்பல் நிற ஜாக்கெட் போட்ட வெளியூர் வியாபாரி ஒருவன் கையை லேசாகத் தூக்கப் போனான், சுற்றியிருந்தவர்கள் பார்த்த பார்வையில் அந்தக் கையால் காதைச் சொறிந்துகொண்டான். ஐந்து என்று கேட்டபோது ஆர்வில் குரலிலேயே வேகம் போய்விட்டது. இரண்டாயிரம் என்றதும் வெய்ன் அட்டையைத் தூக்கினான்.

"ரெண்டு வந்தாச்சு. மூணு? யாராவது மூணு?"

யாருமில்லை. மூட்டத்துக்குள் வாத்துகள் மட்டும்தான்.

டானா என் பக்கத்தில் நின்றாள். லெசியாவின் குழாய்ச் சாப்பாட்டைச் சூடு பண்ண வெந்நீர் வாங்க வந்தவள். சந்தோஷப்பட வேண்டிய நேரம். ஆனால் அவள் வேனையும் பார்க்கவில்லை, வெய்னையும் பார்க்கவில்லை. ஸ்டெல்லாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் அப்போதுதான் பார்த்தேன். ஸ்டெல்லா கைப்பையை இரண்டு கையாலும் மூடிப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். விருந்தாளி நல்ல தட்டை உடைத்துவிட்டால் வீட்டுக்காரி சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு.

நெஸ்டருக்குச் சளி உறிஞ்சுவது எப்படி என்று ஸ்டெல்லாவுக்குக் கற்றுக்கொடுத்தது டானாதான். அந்தச் சாயங்காலங்களில் அவர்கள் என்ன பேசிக்கொண்டார்களோ எங்களுக்குத் தெரியாது. விற்ற வயல் போக மிச்சமிருந்த வயலிலும் பாதி பாங்கிக்குத்தான், டவுன் வீட்டு வாடகைக்கு இந்த வேனைத்தான் நம்பியிருந்தாள் என்பது டானாவுக்குத் தெரிந்திருந்தது.

வெந்நீரை மேஜையில் வைத்தாள் டானா. என் ஏப்ரன் பைக்குள் கையை விட்டாள். அட்டையை உருவித் தலைக்கு மேலே தூக்கினாள்.

"மூணு!" என்று கத்தினான் ஆர்வில்.

இத்தனை வருஷம் என் பெரோகியைத் தின்ற அத்தனை முகமும் என் பக்கம் திரும்பியது. என்னைக் கொன்று போடலாம் என்கிற பார்வை. அப்புறம்தான் அட்டை யார் கையில் இருக்கிறது என்று பார்த்தார்கள்.

"டானா, ரெண்டு கேட்டது உன் புருஷன்மா," என்றான் ஆர்வில்.

"தெரியும். நான் மூணு கேக்குறேன்."

ஆர்வில் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். இரண்டு அட்டை, இரண்டு நம்பர், சட்டப்படி தப்பில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். வெய்ன் கொஞ்சம் மெதுவான ஆள். மனைவியைப் பார்த்தான். அவள் மோவாயால் ஸ்டெல்லாவைக் காட்டினாள். ஸ்டெல்லாவைப் பார்த்தான். அவன் கழுத்து மெல்லச் சிவந்ததை நான் இங்கிருந்தே பார்த்தேன். பிறகு அட்டையைத் தூக்கி, ஐந்து என்றான்.

அதற்கப்புறம் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கனவுதான். மூட்டத்தின் அந்தப் பக்கம் ஒரு வெள்ளை அட்டை எழும், இந்தப் பக்கம் ஒன்று எழும். ஆறு, ஏழு, ஒன்பது. யாரும் சிரிக்கவில்லை, இருமக்கூட இல்லை. அவர்கள் கல்யாணத்தன்று ஹாலில் ஆடியது நினைவுக்கு வந்தது. அன்றைக்கும் வெய்ன் அரை அடி பின்னால்தான் வந்துகொண்டிருந்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது, காப்பி ஆவி என்று சொல்லிச் சமாளித்தேன்.

பன்னிரண்டாயிரத்தில் புது வினை வந்தது. சாம்பல் ஜாக்கெட்காரனுக்கு எங்கள் வழக்கம் என்ன தெரியும்? ஊர்க்காரர்களே போட்டி போடுகிறார்கள், இனி நமக்கென்ன என்று நினைத்திருப்பான். பதின்மூன்று என்று கையைத் தூக்கினான். வெய்ன் பதினாலு. அவன் பதினைந்து. வெய்ன் ஒரு நிமிஷம் நின்று, பதினாறு என்றான். அதுதான் அவர்களிடம் இருந்த கடைசி. டானா அட்டையை இறக்கி என் மேஜைமேல் வைத்தாள். என்னிடம் இருப்பதையும் சேர்த்துக் கேளு என்று சொல்லக் கல்லாவைத் திறந்தேன், உள்ளே கிடந்தது சில்லறைதான். இரண்டாயிரத்துக்கு மடியில் விழுந்த வண்டியைத் தானே தட்டிவிட்டாள். ஜூனில் பிள்ளை யார் வீட்டில் படுத்திருப்பாளோ?

அந்த நேரம் பார்த்து வாத்துகள் கிளம்பின. பின்வயலில் எதுவோ விரட்டியிருக்க வேண்டும். மொத்தக் கூட்டமும் ஒரே மூச்சில் எழுந்து, மூட்டத்தைக் கிழித்துக்கொண்டு எங்கள் தலைக்கு மேலே வந்தது. பக்கத்தில் நிற்கிறவன் பேசினால் கேட்காது. அந்தச் சத்தத்துக்கு அடியில் ஜாக்கெட்காரனின் கை உயர்ந்திருந்ததை நான் பார்த்தேன். ஆர்விலும் பார்த்தான். பார்த்துவிட்டு ஸ்டெல்லாவைத் திரும்பிப் பார்த்தான். பொருள் அவளுடையது, மேலே வருகிற ஒவ்வொரு ஆயிரமும் அவளுடையது.

ஸ்டெல்லா தலையை ஆட்டவில்லை. நிமிர்ந்து வானத்தைப் பார்த்தாள். வாத்துகளை இதற்கு முன் பார்த்தே இராதவள் மாதிரி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஆர்விலும் வானத்தைப் பார்த்தான். அவனைப் பார்த்து ஊர்க்காரன் மைக்கும் பார்த்தான், வேரா பார்த்தாள், களம் முழுக்க எல்லாரும் அண்ணாந்தோம். அண்ணாந்தபடியே ஆர்வில் சுத்தியலை இறக்கினான். வண்டி வெய்னுக்கு.

ஜாக்கெட்காரன் ஏதோ வாதாடினான். வாத்துச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று ஆர்வில் காதைக் காட்டினான். மைக் ஆறடி ஆள், தட்டு நிறையப் பெரோகியோடு போய் அவன் முன்னால் நின்றுகொண்டு, ரோடெல்லாம் எப்படி இருக்கிறது என்று அன்பாக விசாரித்தான். காசு வாங்காமல் நான் கொடுத்த தட்டு அது ஒன்றுதான்.

ஸ்டெல்லா எழுந்து கடைப்பக்கம் வந்தாள்.

"ஏண்டி பைத்தியக்காரி, ரெண்டாயிரத்தோட முடிஞ்சிருக்குமேடி."

"முடிஞ்சிருக்கும் தெத்தா," என்றாள் டானா. அத்தையை எங்கள் பக்கம் தெத்தா என்போம். "அப்புறம் உங்க மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது? நீங்களும்தான் இன்னும் ரெண்டு மூணு ஆயிரம் விட்டுட்டீங்க."

"நான் எங்க விட்டேன். வாத்து பாத்துக்கிட்டு இருந்தேன்."

பிறகு ஸ்டெல்லா, காரையும் விற்றுத் தொலைத்துவிட்டேனே, என்னை டவுனில் யார் கொண்டுபோய் விடுவது என்று கேட்டாள். டானா சிரித்துவிட்டாள். சிரித்து முடியும்போது அது அழுகையாக இருந்தது.

மதியத்துக்கு மேல் மூட்டம் விலகத் தொடங்கியது. வெய்ன் லெசியாவைப் பிக்கப்பிலிருந்து தூக்கி, கூடவே கொண்டுவந்திருந்த சக்கர நாற்காலியில் வைத்தான். பலகையில் உருட்டி ஏற்றினான். நெஸ்டரின் இடத்தில் நாற்காலியை நிறுத்தியதும் ஸ்டெல்லா குனிந்து, யாரும் கேட்காமலே கொக்கிகளைப் பூட்ட ஆரம்பித்தாள். அவள் கை தானாகவே இடம் தேடிப் போயிற்று.

"இந்தக் கொக்கி மட்டும் கொஞ்சம் மக்கர் பண்ணும். ரெண்டு தரம் இழுக்கணும்," என்றாள். இரண்டு தரம் இழுத்தாள். மூன்றாவது தரம் இழுக்கத் தேவையில்லை. ஆனாலும் கொஞ்ச நேரம் அந்தப் பட்டையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

டானா ஓட்ட, முன்னால் லெசியா, பின்சீட்டில் ஸ்டெல்லாவும் நானும். என் மடியில் மிச்சப் பெரோகி. வெய்ன் பிக்கப்பில் பின்னால் வந்தான். இந்த வண்டியில் பின்னால் உட்காருவது இதுதான் முதல் தடவை என்று ஸ்டெல்லா சொன்னாள், நெஸ்டர் அடம்பிடித்தது நியாயம்தான் என்றும் சொன்னாள்.

லெசியா சத்தமே போடவில்லை. ரோடு அவளைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. வேலி, தபால்பெட்டி, ஒரு நாய், அதன் நிழல். சிவப்புத் தானியக் கோபுரம் முழுசாக, அடியிலிருந்து முனைவரை எழுந்து நின்றது. டானா ஓரக்கண்ணால் அவளையே பார்த்துக்கொண்டு ஓட்டினாள். நாக்குச் சொடுக்கல் இல்லை. மூச்சு சரியாக இருக்கிறதா, உதடு நீலம் பாரிக்கிறதா என்று அவளுக்குப் பயம் வந்துவிட்டது, எனக்கும்தான். ரோட்டோரமாக வண்டியை நிறுத்தினாள்.

நிறுத்திய இடம் இந்த வேனுக்காக நெஸ்டர் விற்ற வயல். அறுத்த தாளுக்கு நடுவே, கரையாத பனி என்று நான் நினைத்த வெள்ளையெல்லாம் வாத்து. கிளம்பின கூட்டம் இங்கே வந்து இறங்கியிருக்கிறது. ரோட்டோரச் சேற்றில் பத்துப் பதினைந்து, எங்களைச் சட்டை செய்யாமல் குண்டு உடம்பை ஆட்டி ஆட்டி நடந்துகொண்டிருந்தன. லெசியாவின் கண் அவற்றின் மேலேயே நிலைத்திருந்தது. சிமிட்டக்கூட இல்லை.

"என்னடா கண்ணு? வாத்துதானே? உனக்குத் தெரிஞ்ச வாத்துதான்டா," என்றாள் டானா.

"அவளுக்கு வயிறுதானே தெரியும்," என்றாள் ஸ்டெல்லா, பின்னாலிருந்து, மெதுவாக. "இதுங்களுக்குக் காலு இருக்குன்னு யாரு அவளுக்குச் சொன்னது?"

ஒரு வாத்து சேற்றில் வழுக்கிப் பொத்தென்று உட்கார்ந்தது. உட்கார்ந்துவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி கழுத்தை நீட்டிச் சுற்றிலும் பார்த்தது. லெசியா சிரித்தாள். தொண்டையில் கரகரவென்று சளி ஏற, உடம்பு முழுக்கக் குலுங்க, நாக்கைச் சொடுக்கிச் சொடுக்கிச் சிரித்தாள். டானா மெஷினை எடுத்துச் சளியை உறிஞ்சினாள். உறிஞ்சி முடிப்பதற்குள் பிள்ளைக்கு மறுபடியும் சிரிப்பு. ஸ்டெல்லா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, நெஸ்டரின் வயலைப் பார்த்தாள்.

டானா மூக்கைத் துடைத்துக்கொண்டு சாவியில் கை வைத்தாள்.

"போலாமா கண்ணு?"

லெசியா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

டானா சாவியை விட்டுவிட்டுச் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தாள். பின்னால் வந்த வெய்ன் என்னவோ ஏதோ என்று இறங்கி ஓடிவந்து, சன்னலில் எங்கள் நாலு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, வண்டியில் சாய்ந்து நின்றான். நான் பெரோகிப் பாத்திரத்தைத் திறந்து அவனுக்கு நீட்டினேன். ஆறிப்போயிருந்தது. லெசியா மெல்லக் கண்ணைத் திறந்து, வண்டி நகரவில்லை என்று உறுதி செய்துகொண்டு, வாத்துகளைப் பார்த்தாள்.